இருபது ரூபாய் பத்திரத்தில் ஒரு விவாகரத்து

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு ஜூனியர் வக்கீல் பெண் வீட்டுக்கு வந்தாள். ஆபீசுக்கு வெப்சைட் போடுகிறார்களாம். "வசந்தாக்கா, டைவர்ஸ், குழந்தை யாருகிட்ட இருக்கோணும், ஜீவனாம்சம், இதப் பத்தியெல்லாம் ஜனங்க அடிக்கடி கேக்கற கேள்வி ஒரு பத்து எழுதிக் குடுங்கக்கா. பதில் நாங்க போட்டுக்கறோம்" என்றாள். பதில் அவர்களிடம் இருக்கிறதாம். கேள்விக்குத்தான் வாசல் அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஆள் தேவைப்படுகிறதாம். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நான் வக்கீல் இல்லை. கோயமுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவள். துடியலூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்பிங் ஹையர் முடித்தேன். இங்கிலீஷில் லோயர் பாஸ், ஹையரில் இரண்டு தடவை பெயில். அதோடு என் கல்வி முற்றும். சீனியரிடம் சேர்ந்த முதல் வாரத்தில் வாதி யார் பிரதிவாதி யார் என்றே தெரியாமல் அடித்தேன். ஆறு மாதத்தில், வாசல் ஏறும்போதே யார் வாதி, யார் பிரதிவாதி என்று செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யாரும் தனக்காகக் கேட்க மாட்டார்கள். "ஏனுங்க, என்ற ஃப்ரெண்டு ஒருத்தனுக்குங்க" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஃப்ரெண்டின் மாமியார் எந்தத் தேதியில் என்ன வார்த்தை சொன்னாள் என்பது வரைக்கும் இவருக்கு மனப்பாடமாக இருக்கும். நாங்களும் ஃப்ரெண்டுக்கே ஃபைல் போடுவோம்.

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானாவே டைவர்ஸ் ஆயிருமுங்களே?" பால்கூடத் தானாகத் தயிராவதில்லை, உறை ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த ஏழு வருஷக் கணக்கை எவனோ எங்கோ கிளப்பிவிட, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து கோயமுத்தூர் மில் கேட் வரை எல்லோரும் நம்பினார்கள். "ஆம்பளப் புள்ள அப்பனுக்கு, பொம்பளப் புள்ள ஆத்தாளுக்கு, அதுதானுங்களே சட்டம்?" அது ஆட்டுக்குட்டி பிரிக்கிற முறை. "அவ வேலைக்குப் போறாளுங்க, நான் எதுக்குப் புள்ளைக்குச் செலவு குடுக்கோணும்?" என்று ஒருவர் கேட்டார். "புள்ளை வேலைக்குப் போகுதுங்களா?" என்று சீனியர் திருப்பிக் கேட்டார். வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சம் கட்ட வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மில் சூப்பர்வைசர் நிஜமாகவே ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றார். ஜீவனாம்சம் அப்படியே இருந்தது. வேலைதான் போயிருந்தது.

சட்டமும் ஒன்றும் லேசுப்பட்டதில்லை. கிரிமினல் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்டால் மாதம் ஐந்நூறுக்கு மேல் கிடைக்காது என்று அப்போது ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்தது சட்டத்துக்குத் தெரியும், வளரும் என்பது தெரியாது போலிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அரசனாக ஒரு கேள்வி உண்டு. "அதுதான் பத்திரம் எழுதியாச்சுங்களே, இன்னும் எதுக்குங்க கோர்ட்டு?"

பத்திரம் என்றால், இருபது ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் இரண்டு பக்கம். பேர் விடுதலைப் பத்திரம். ஊரில் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி, நகை இன்னாருக்கு, பாத்திரம் இன்னாருக்கு, பிள்ளை இன்னாருக்கு என்று எழுதி இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கினால் விவாகரத்து ஆகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முகூர்த்தத்தில் ஆம்பளைக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வேண்டாம், ஜட்ஜ் வேண்டாம். வண்டி வாங்க விற்கவே இதைவிட அதிகமாக அலைய வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைப் பார்த்து வருஷக்கணக்காக நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு நின்ற கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் சீனியரைப் பற்றிக் கொஞ்சம்.

ஒல்லியான மனிதர், குரலே வராது. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். "இப்படி உக்காருங்க" என்றால் சாதாரணம். "தயவுபண்ணி இப்படி உக்காருங்களேனுங்க" என்றால் எதிரில் இருப்பவர் அன்றைக்கு ஒழிந்தார். ஆபீசில் அவர் வைத்திருந்த ஒரே கண்டிப்பான சட்டம், மனுவோ அஃபிடவிட்டோ அடித்து முடித்ததும் கட்சிக்காரரை எதிரில் உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரிந்தவரானாலும் படித்துக் காட்ட வேண்டும். தினம் சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து, "படிச்சுக் காட்டினீங்களா அம்மணி?" என்று கேட்பார். படித்துக் காட்டினேன் என்று நான் சொன்னால்தான் ஃபைல் அவர் மேஜைக்குப் போகும்.

எனக்கு அது தண்டனையாக இருந்தது. தொண்டை வறளும். ஆனால் அதில் ஒன்று பார்த்தேன். பெருந்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர் மனைவி மேல் விவாகரத்து மனு கொடுக்க வந்தார். அவர் சொன்னதை எல்லாம் சீனியர் சட்ட பாஷையில் எழுத, நான் ஏழு பக்கம் அடித்தேன். "எதிர்மனுதாரர் மனுதாரரைத் தொடர்ந்து மன உளைச்சலுக்கு ஆளாக்கியும், உணவு சமைத்துத் தர மறுத்தும்" என்று படித்துக்கொண்டே போனேன். நாலாவது பக்கத்தில் மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏனுங்க, இது என்ற ஊட்டுக்காரியப் பத்தித்தானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "இத்தன கெட்டவ இல்லீங்க அவ" என்று சொல்லி, தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. வந்த கேஸ் போய்விட்டதே என்று சீனியர் வருத்தப்படவும் இல்லை.

இனி என் பெருமை. ஒரு பக்கத்தில் எத்தனை வரி வரும், எத்தனை எழுத்து அடங்கும் என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவேன். கோர்ட் சந்தில் பத்து டைப்பிஸ்ட் இருந்தோம். இருக்கிற இடத்துக்குள் வாசகத்தை அடக்க வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு ஏதாவது அடித்துக் கொடுப்பேன். சீனியருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன், அது நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப்ப மாமா ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். சத்தியமங்கலத்துக்காரர், எனக்கு ஒன்று விட்ட உறவில் மாமா முறை. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் மாமாதான் பஞ்சாயத்து. சேர்த்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அம்மணி, ஒரு அவசர எழுத்து. ஆபீசு வரைக்கும் வந்து அடிச்சுக் குடு" என்றார்.

ஆபீசைத் திறந்தேன். மஞ்சள் பையிலிருந்து இரண்டு ஸ்டாம்பு பேப்பரை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கையெழுத்து இருந்தது. முதல் பக்கத்தில் அடியில். இரண்டாம் பக்கத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. இடது பக்கம் சிவக்குமார், வலது பக்கம் பூங்கொடி, அதற்கும் கீழே சாட்சிகள். அவற்றில் ஒரு கையெழுத்து மாமாவுடையது. வாசகம் தனியாக ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலில் இருந்தது.

"கையெழுத்து முன்னாலயே போட்டுட்டாங்களா மாமா?" என்று கேட்டேன். இதைக் கேட்டேன் என்பதை இன்றுவரை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்கிறேன். கேட்டதோடு சரி.

"அந்தப் புள்ளைக்குப் பஸ்ஸு போயிரும் அம்மணி. துடியலூரு போய்ச் சேரோணுமல்லொ. எழுதற வரைக்கும் காத்திருந்தா பொழுது போயிரும். பெரியவங்க நாங்க நாலு பேரு இருக்கறம், அப்புறம் என்ன? கையெழுத்துக்கு மேல ஏறாம அடக்கிக் குடு."

கையெழுத்துக்கு மேலே இருக்கிற இடத்தைப் பார்த்தேன். நோட்டில் இருக்கிற வாசகத்தைப் பார்த்தேன். முதல் பக்கம் இரட்டை இடைவெளியில் வரும், இரண்டாம் பக்கத்தில் ஒன்றரைக்கு இறங்க வேண்டும், கடைசி ஏழு வரி ஒற்றையில் போனால் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு தப்பவில்லை. கடைசி வரியில் மட்டும் ஒரு வார்த்தை பூங்கொடியின் கையெழுத்துச் சுழியில் லேசாக இடித்தது. எனக்கு அது குறையாகப் பட்டது. மாமாவுக்குப் பரம திருப்தி.

என்ன அடித்தேன் என்றால், இருவரும் மனமொத்துப் பிரிகிறார்கள். பெண் குழந்தை நித்யா, வயது நான்கு, தகப்பனார் வசம் ஒப்படைக்கப்பட்டது. தாயாருக்கு மேற்படி குழந்தையின் பேரில் இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை. குழந்தைக்காகவோ தனக்காகவோ செலவுத்தொகை எதுவும் கோர மாட்டார். நிலத்துக்கு அடிக்கிற அதே வார்த்தைகள், சர்வே நம்பர் மட்டும்தான் இல்லை. கடைசியில், "மேலே கண்டவை படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு, முழு மனதுடன் கையொப்பமிட்டோம்." முடித்து, மேஜையைத் துடைத்து, வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன்.

இரண்டரை வருஷம் கழித்து ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். துடியலூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. பிளாஸ்டிக் கவரில் ஒரு ஜெராக்ஸ் வைத்திருந்தாள். சீனியர் எதிரில் உட்காரச் சொன்னார். நான் குறிப்பெடுக்கப் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங்க, இந்த எழுத்து இங்கதான் அடிச்சதுங்களாமா. கோர்ட்டுக்கு எதுத்தாப்பல வக்கீல் ஆபீசுல அடிச்சது, யாரும் அசைக்க முடியாதுன்னு சின்னப்பண்ணன் ஊரெல்லாஞ் சொல்லீட்டிருக்கறாருங்க. அதுதான் அடிச்ச எடத்துலயே கேட்டுப்போடலாமுன்னு வந்தேனுங்க. நெசமாலுமே செல்லுங்களா?"

சீனியர் ஜெராக்ஸை வாங்கி இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எங்கள் மெஷினின் எழுத்து அவருக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணின் எதிரிலேயே என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, இது நீங்க அடிச்சதுங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன்.

"ஞாயித்துக்கெழமையில?"

"ஆமாங்க சார்."

"லீவு நாள்லயும் இத்தன பாடுபடறீங்க, நானொருத்தன் அது தெரியாமயே இருந்திருக்கறேனுங்க. மன்னிச்சுக்கோணுமுங்க" என்றார். அவரிடம் அத்தனை 'ங்க' வாங்கியது ஆபீசிலேயே நான் ஒருத்திதான். அந்தப் பெண், பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்த பூங்கொடி, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் கதையைக் கேட்டோம். கட்டிக்கொடுத்த இடம் சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சக்காடும் வாழையுமாக வசதியான குடும்பம். சண்டை வந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, கொஞ்ச நாள் தனித்தனியாக இருப்பதற்கு ஒரு எழுத்து, பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, இறங்கியதும் அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னார்களாம். "வெத்துப் பேப்பர்ல எதுக்கும்மா கையெழுத்துப் போட்டீங்க?" என்று சீனியர் கேட்டார்.

"பெரியவங்ககிட்டப் போயி எழுதிக் காட்டுங்கன்னு எப்படீங்க கேக்கறது? உங்கள நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிருமல்லங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு போ கண்ணுன்னாங்க. போட்டுட்டு வந்துட்டேனுங்க."

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ரொம்பப் புகழ்வார்கள். அதற்கு இப்படியும் ஒரு பிரயோஜனம் உண்டு.

அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்று தடவையும் வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க" என்று சொல்லி, பை நிறைய கொய்யாப்பழம் போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் பஸ் ஏறாமல் பள்ளிக்கூடத்துக்கே போய் விசாரித்தாள். அப்படி ஒரு பிள்ளை பேரே ரிஜிஸ்தரில் இல்லை.

"அவருக்கு வேற கல்யாணம் ஆயிருச்சுங்க. கொழந்தை இருக்குதுங்க. அதுக்குத் தூளி ஆட்டறதுக்கும், இடுப்புல வெச்சுக்கறதுக்கும் என்ற புள்ளைய வெச்சிருக்காங்க. ஆறு வயசு முடிஞ்சிருச்சுங்க. எனக்குச் செலவு ஒண்ணும் வேண்டாமுங்க. புள்ளையக் குடுத்தாப் போதும், நான் படிக்க வெச்சுக்குவேனுங்க" என்றாள்.

சீனியர் பொறுமையாகச் சொன்னார். இந்தப் பேப்பரால் விவாகரத்து ஆகாது. அவர்கள் வழக்கம் என்று சொல்வார்கள், வழக்கம் என்றால் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். குழந்தைக்கு அப்போது ஐந்து வயசுகூட ஆகவில்லை, சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டிய வயசு. இப்போதும் அப்பனா அம்மாவா என்பதைவிடக் குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட் பார்க்கும். "செலவு வேண்டாமுன்னு சொல்றீங்களே, அது உங்களுதில்லீங்க. புள்ளையோட சோத்தை ஆத்தா கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுக்க முடியாதுங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆனா ஒண்ணு. நீங்களே மனசாரப் புள்ளைய எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க, ரெண்டரை வருஷமாக் கேக்கலைன்னு சொல்லுவாங்க. வெத்துப் பேப்பர்லதான் கையெழுத்து வாங்குனாங்கன்னு சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணும்."

சாட்சி அவருக்கு ஒரு கை தூரத்தில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ற டைப்பிஸ்ட் கூண்டுல ஏறும்போது நான் அதே கேஸ்ல கோட்டுப் போட்டுட்டு நிக்கறது நல்லாருக்காதுங்க" என்று சொல்லி, பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு அம்மா வக்கீலிடம் அப்போதே அவளை அனுப்பிவைத்தார். அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சாட்சி சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தினம் சாயங்காலம் மேஜைப் பக்கம் வந்து, "படிச்சுக் காட்டினீங்களா அம்மணி?" என்று மட்டும் வழக்கம்போலக் கேட்டார்.

விஷயம் தெரிந்து மாமா வந்தார். இந்தத் தடவை வாழைத்தார் இல்லை. "சொந்தத்துக்குள்ள சாட்சி சொல்லுவாங்களா அம்மணி? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா மூஞ்சில எப்படி முழிக்கறது? மறந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லீரு, முடிஞ்சுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு இருபது பக்கம் அடிக்கிறவளுக்கு இரண்டரை வருஷத்துக்கு முந்தைய இரண்டு பக்கம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேஸ் முடிகிற வரைக்கும் மாதம் இரண்டு தடவை கோர்ட் வராந்தாவில் ஒரு மணி நேரம் அம்மா பிள்ளையைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு ஆனது. முதல் தடவை நான் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஃபைலுக்கு அங்கே வேலை இல்லை. சிவக்குமார் பிள்ளையைப் பெஞ்சில் விட்டுவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டான். நித்யா உட்காரவில்லை. ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கைக்குழந்தை தூக்கித் தூக்கிப் பழகிய பெரிய பொம்பளைகள் அப்படித்தான் நிற்பார்கள். பூங்கொடி ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கம்பெனியில் அளவு தப்பாமல் தைக்கிறவள், மகள் எத்தனை வளர்ந்திருப்பாள் என்று மனசிலேயே அளவு போட்டுத் தைத்திருக்கிறாள். போட்டுப் பார்த்தால் தோளிலேயே ஏறவில்லை. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த வாட்டி அம்மா பெருசாத் தெச்சுட்டு வாரேன் கண்ணு" என்றாள். அன்றைக்கே அந்த அம்மா வக்கீலிடம் போய் என் பேரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

பத்திரத்தின் அசலை எதிர்த்தரப்பே தாக்கல் செய்தது. அவ்வளவு நம்பிக்கை. முதலில் மாமா கூண்டேறினார். தலைமுறை தலைமுறையாக எங்களில் இதுதான் வழக்கம் என்றார். இப்படிப் பிரித்துவிட்ட நான்கு குடும்பத்தின் பேரைச் சொல்லுங்கள் என்று அம்மா வக்கீல் கேட்டார். மாமா இரண்டு சொன்னார். இரண்டும் அவரே செய்து வைத்தவை. "உங்க தாத்தா காலத்துல பிரிச்சுவுட்டது ஏதாவது தெரியுங்களா?" "தாத்தா காலத்துல எவளுங்க பிரிஞ்சா?" என்று மாமா ரோஷமாகச் சொல்லிவிட்டார். வழக்கம் அந்த இடத்தில் முடிந்தது.

அடுத்தது நான். பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். சொன்னேன். சாதாரணமாக ஒரு பத்திரம் அடித்தால் கடைசி வரை ஒரே இடைவெளியில் போவோம், வாசகம் எங்கே முடிகிறதோ அதற்குக் கீழே கையெழுத்து வாங்குவோம். இதில் முதல் பக்கம் இரட்டை, இரண்டாம் பக்கம் ஒன்றரை, கடைசி ஏழு வரி ஒற்றை. கீழே பாதிப் பக்கம் சும்மா கிடக்கும்போது யாரும் வரியை நெருக்க மாட்டார்கள். கையெழுத்து ஏற்கனவே இருந்தால்தான் நெருக்க வேண்டி வரும். கடைசி வார்த்தை கையெழுத்துச் சுழியின் மேலே ஏறியிருக்கிறது, பேனா மைக்கு மேலே ரிப்பன் மை உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள் என்றேன். ஜட்ஜ் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "நீங்க டைப்பிஸ்ட்டா, கையெழுத்து நிபுணரா?"

"டைப்பிஸ்ட்டுதானுங்க. அடிச்சதே நான்தானுங்க."

"அன்னைக்குக் காசு வாங்கிட்டு அடிச்சீங்க. இன்னைக்கு யாருகிட்ட வாங்கிட்டுப் பேசறீங்க?"

"அன்னைக்குக் காசு வாங்கலீங்க. ஒரு தார் வாழைப்பழம் வாங்கினேனுங்க" என்றேன். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. பத்திரத்தின் கடைசிப் பாராவில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டுன்னு ஒரு வரி இருக்கே. யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்புறம் எப்படி அடிச்சீங்க?"

"எல்லாப் பத்திரத்துலயும் அடிக்கிற வரிங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். பெஞ்ச் கிளார்க் டைப்ரைட்டரில் அதை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆயிரம் பேருடைய வாக்குமூலத்தை அடித்தவள், என்னுடையதை இன்னொருவர் அடிக்க நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். கூட்டத்தின் பின்வரிசையில் சீனியர் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வரும்போது எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் ஆபீசில், "இங்க உக்காருங்க" என்று பழைய மரியாதையில் சொன்னார். ஒரே ஒரு 'ங்க'.

ஜட்ஜ் பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பத்து நிமிஷம் பேசினார். என்ன படிக்கிறாய் என்று கேட்டாராம். "தம்பிக்குத் தூளி ஆட்டுவேனுங்க" என்றதாம். தீர்ப்பில் அந்தப் பத்திரம் செல்லாது என்றும், குழந்தை தாயிடம் இருக்க வேண்டும் என்றும், பள்ளிக்கூட லீவில் தகப்பன் பார்க்கலாம் என்றும், மாதாமாதம் குழந்தைக்குச் செலவு கொடுக்க வேண்டும் என்றும் வந்தது. முதல் கல்யாணமே சட்டப்படி ரத்தாகாதபோது இரண்டாவது எப்படி என்ற கேள்வி சிவக்குமாருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மாமா இன்றுவரை என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. என் பெண் கல்யாணத்துக்கும் வரவில்லை. பந்தியில் ஒரு இலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டதாக வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது.

பிள்ளையை ஒப்படைத்த நாளில் கோர்ட் கேட்டுக்கு வெளியே பூங்கொடியைப் பார்த்தேன். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் நித்யா. கேஸ் நடந்த ஒன்றரை வருஷமும் அவள் என்னைப் பார்த்தால் "வாங்கக்கா" என்பாள், "சாப்பிட்டீங்களாக்கா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டு கிட்டப் போனேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். "அன்னைக்கு அத அடிக்கும்போது உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. மாமா சொன்னார், அவசரம், சொந்தம், எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எடம் பத்துமா பத்தாதான்னுதான் பாத்துட்டிருந்தேன் கண்ணு" என்றேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் வந்து நின்றது. "சரிங்கக்கா. வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.